ஒரு கிராம் இரும்புக்கு எத்தனை கிராம் செம்பு?



மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி சிவக்கும். இது பள்ளிக்கூடத்திலேயே பார்த்த சங்கதி. "இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆணி சிவக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை கிராம் இரும்பு போய் எத்தனை கிராம் செம்பு வந்தது என்று கேட்டால்தான் நம்மில் பலர் மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். இந்தப் பரிசோதனையில் வேடிக்கை நிறத்தில் இல்லை, எடையில் இருக்கிறது. அந்த எடைக்குள் ஒரு கண்ணியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மோல். இதைக் கண்டு பயப்படுகிறவர்கள் வெற்றிலைக் கடைக்குப் போய் வாருங்கள். வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் தருவார்கள். கவுளி என்றால் நூறு இலை. கொழுந்து வெற்றிலை ஒரு கவுளியும் முற்றின வெற்றிலை ஒரு கவுளியும் எடையில் வேறுதான், எண்ணிக்கையில் ஒன்றுதான். மோலும் அப்படி ஒரு கவுளி. இலைக்குப் பதில் அணு, நூறுக்குப் பதில் 6.022 × 10-இன் 23 அடுக்கு. ஒரு மோல் இரும்பு 55.85 கிராம். ஒரு மோல் செம்பு 63.55 கிராம். அணுக்களை உட்கார்ந்து எண்ண முடியாது, எடை போட முடியும். எடையை அணு எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடுகிறது. அவ்வளவுதான் மோல்.

இப்போது கேள்விக்கு வருவோம். இரும்புக்கு இணைதிறன் இரண்டு உண்டு, மூன்றும் உண்டு. ஃபெரஸ், ஃபெரிக் என்று ஒப்பிக்கிறோமே, அதுதான். அப்படியானால் மயில்துத்தக் கரைசலில் இரும்பு எந்த வேஷத்தில் இறங்குகிறது? தாளில் இரண்டு சமன்பாடும் அழகாகச் சமன் ஆகும்.

இரும்பு + காப்பர் சல்பேட் → ஃபெரஸ் சல்பேட் + செம்பு

2 இரும்பு + 3 காப்பர் சல்பேட் → ஃபெரிக் சல்பேட் + 3 செம்பு

இரண்டில் எது நடக்கிறது என்று பேனாவால் சொல்ல முடியாது, தராசுதான் சொல்ல வேண்டும். ஒரு கிராம் இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1.00-ஐ 55.85-ஆல் வகுத்தால் 0.0179 மோல். முதல் சமன்பாடு சரியென்றால் அதே 0.0179 மோல் செம்பு வர வேண்டும், அதாவது 1.14 கிராம். இரண்டாவது சரியென்றால் ஒன்றரை மடங்கு, 1.71 கிராம். இடையில் அரை கிராமுக்கு மேல் வித்தியாசம். நம்ம லேப் தராசு எவ்வளவு வயசானதாக இருந்தாலும் இதைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் மயில்துத்தம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். "ஒன்றுக்கு ஒன்றுதானே, 0.0179 மோல் போதும்" என்று நாலரை கிராம் எடுத்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. இரும்பு ஃபெரிக்காகப் போக நினைத்தாலும் கரைசலில் அதற்குத் தேவையான செம்பு இருக்காது. விடையை நாமே முடிவு செய்துவிட்டு, பிறகு தராசைச் சாட்சிக்குக் கூப்பிடுவது போல ஆகிவிடும். 2 : 3 என்ற விகிதத்துக்கும் வாய்ப்பு கொடுக்க வேண்டுமானால் 0.0269 மோல் வேண்டும். படிக நீரோடு சேர்ந்த மயில்துத்தம் ஒரு மோல் 249.7 கிராம் என்பதால் இது 6.7 கிராம். கொஞ்சம் தாராளமாக 8 கிராம் எடுங்கள். படிக நீரைக் கணக்கில் விட்டுவிட்டு 159.6-ஆல் வகுக்கிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

செய்முறை. 8 கிராம் மயில்துத்தத்தை 50 மி.லி. வெந்நீரில் கரையுங்கள். பீக்கரைக் கண்ணாடித் தண்டால் கலக்கிக்கொண்டே ஒரு கிராம் இரும்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்ட வேண்டாம். வெப்பம் வெளிப்படும் வினை இது. பீக்கர் சூடாவது கையிலேயே தெரியும். சாம்பல் நிறத்தூள் கண் எதிரே செங்கல் நிறமாக மாறும். சில குமிழிகளும் வரலாம். மயில்துத்தக் கரைசல் லேசான அமிலத்தன்மை உடையது, அதனால் இரும்பில் ஒரு சிறு பங்கு செம்பைக் கொடுக்காமல் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுப் போகிறது. கால் மணி நேரம் கலக்கி, தெளியவிட்டு, மேலே உள்ள நீரை இறுத்து, செம்பை வடிகட்டிக் கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும்.

இரும்புத் தூள் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டியதில்லை. நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் அரம் போட்டுத் தேய்க்கும்போது விழுகிற தூளே போதும். ஆனால் மைல்டு ஸ்டீல் துண்டாகப் பார்த்துத் தேயுங்கள். வார்ப்பிரும்பில் கார்பன் சுமார் 3 சதவீதம் இருக்கும். அது எதிலும் கரையாமல் கருப்பாகச் செம்போடு தங்கி எடையைக் கூட்டும். தூளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் அலசிக் காயவிடுங்கள். துருப்பிடித்த தூள் வேண்டவே வேண்டாம். துருவுக்கும் எடை உண்டு, ஆனால் அது செம்பை வெளியேற்றாது.

இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். கண்ணி இனிமேல்தான்.

ஒரு மாணவர் எடை போடுகிறார். செம்பு 1.07 கிராம். 63.55-ஆல் வகுத்தால் 0.0168 மோல். இரும்பு 0.0179 மோல். விகிதம் 0.94. "கிட்டத்தட்ட 1, வடிகட்டும்போது கொஞ்சம் போயிருக்கும்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி, சாரிடம் கையெழுத்தும் வாங்கியாச்சு. ஆறு சதவீதப் பிழைதானே, நல்ல ரிசல்ட் என்றே யாருக்கும் தோன்றும்.

இப்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதி இரும்பு மட்டுமே வினைபுரிந்தது, மீதி அரை கிராம் அப்படியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த செம்பு 0.57 கிராம். மிஞ்சிய இரும்பு 0.50 கிராம். இரண்டும் சேர்ந்து வடிதாளில் நிற்கும் எடை 1.07 கிராம்! நம் மாணவர் "செம்பு" என்று எழுதியதில் பாதிக்கு அருகில் இரும்பு.

இன்னும் ஒரு படி மேலே போவோம். வினையே நடக்கவில்லை. தூளைத் தண்ணீரில் போட்டு, அப்படியே எடுத்து, காயவைத்து எடை போடுகிறோம். 1.00 கிராம். அதைச் செம்பு என்று நினைத்து 63.55-ஆல் வகுத்தால் 0.0157 மோல். விகிதம் 0.88. எந்த வினையும் நடக்காமலேயே 88 சதவீதம் சரியான விடை!

காரணம் எளிது. இரும்பு அணுவும் செம்பு அணுவும் எடையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரு மோல் இரும்பு போய் ஒரு மோல் செம்பு வந்தால் திடப்பொருளின் எடை 7.70 கிராம்தான் கூடுகிறது. நாம் எடுத்த ஒரு கிராமுக்கு 0.14 கிராம். இந்தப் பரிசோதனை சொல்ல வேண்டிய சேதி முழுவதும் அந்த 0.14-க்குள் அடங்கிவிடுகிறது. 0 முதல் 1 வரை ஓட வேண்டிய முள், 0.88-இலிருந்து ஓட ஆரம்பிக்கிறது.

துத்தநாகத்தோடு செய்தால் இன்னும் தமாஷ். துத்தநாகம் 65.38. வினை முழுமையாக நடந்தால் எடை கூடாது, குறையும். ஒரு கிராமுக்கு 0.97 கிராம் செம்பு. வினையே நடக்காவிட்டால் விகிதம் 1.03 என்று வரும். மூன்றே மூன்று சதவீதப் பிழை! சும்மா இருந்தவருக்கு டிஸ்டிங்ஷன்.

இந்த எடை மயக்கம் நமக்கு மட்டும் வந்ததல்ல. மயில்துத்தம் கலந்த சுரங்க நீரில் இரும்பைப் போட்டால் செம்பு கிடைப்பதைப் பார்த்து, இரும்பே செம்பாக மாறிவிடுகிறது என்று ஐரோப்பாவில் ரசவாதிகள் வெகுகாலம் நம்பினார்கள். ஒரு துண்டு இரும்பு கிடந்த இடத்தில் கிட்டத்தட்ட அதே எடையில் செம்பு கிடந்தால் வேறென்ன தோன்றும்? தராசும் அவர்கள் பக்கமே பேசியது. ஆஞ்சலோ சாலா என்ற இத்தாலியர் 1617-இல் மயில்துத்தத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். செம்பு, கந்தக அமிலம், நீர் மூன்றையும் கொண்டு மயில்துத்தத்தைச் செய்தே காட்டினார். செம்பு புதிதாகப் பிறக்கவில்லை, கரைசலுக்குள் முன்பே இருந்தது என்று அதிலிருந்து புரிந்தது. வெறும் எடையை வைத்து இதைத் தீர்த்திருக்க முடியாது.

ஆக நமக்கு விகிதம் 1-க்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. வடிதாளில் இருப்பது செம்பு மட்டும்தான் என்பதற்குத் தனியாக ஓர் அத்தாட்சி வேண்டும். அதற்கு லேப்பிலேயே வழி இருக்கிறது.

முதல் வழி காந்தம். ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி ஈரத்தூளுக்குள் விட்டுக் கலக்கி எடுங்கள். செம்பு காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. சிவப்பான தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் சிவப்பு மேல்சட்டைதான், உள்ளே இரும்பு. பருமனான தூளில் இது அடிக்கடி நடக்கும். செம்பு மேலே படிந்து மூடிவிட, கரைசல் உள்ளே எட்டாது. அதனால்தான் அரத்தில் மிருதுவானதை எடுத்து, வெந்நீரில், கைவிடாமல் கலக்கச் சொல்வது.

இரண்டாவது வழி அமிலம். கரைசலை இறுத்த பிறகு நீர்த்த கந்தக அமிலம் 10 மி.லி. விடுங்கள். மிஞ்சிய இரும்பு ஹைட்ரஜன் குமிழியாகக் கரைந்துவிடும், செம்பு அசையாது. குமிழி நிற்கும் வரை வைத்திருந்தால் மிச்ச இரும்பு ஒழிந்தது. பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. அவசரத்தில் நைட்ரிக் அமிலப் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். அது செம்பையே தின்றுவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமிலத்தில் கரைந்த இரும்பு செம்பைத் தராத இரும்பு. அதனால் இப்போது எடை 1.14-க்கு எவ்வளவு குறைகிறதோ, அதுவே எவ்வளவு இரும்பு சும்மா கிடந்தது என்பதற்குக் கணக்கு. முன்பு 0.94 என்று வந்த விகிதம் அமிலக் கழுவலுக்குப் பிறகு 0.50 ஆகிவிடும். பார்க்கக் கேவலமான எண்தான், ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்கிற எண்.

மேலே உள்ள நீர் இன்னும் நீலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நீலம் இருந்தால்தான் மயில்துத்தம் மிஞ்சியது, இரும்புக்குத் தட்டுப்பாடு வரவில்லை என்று அர்த்தம்.

கழுவுவதில் நம் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது. ஒட்டிய சல்பேட் உப்பு காய்ந்தால் அதுவும் எடையில் சேரும். சால்ட் அனாலிசிஸ் படித்தது எதற்கு? கழுவிய நீரில் இரண்டு சொட்டு பேரியம் குளோரைடு விடுங்கள். வெள்ளை வீழ்படிவு வருகிற வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அசிட்டோனில் ஒரு அலசு. நெருப்பில் காட்டாமல், மிதமான சூட்டில் உலர்த்துங்கள். அதிகச் சூட்டில் செம்பு கருத்து ஆக்சைடு ஆகும், எடை கூடும். எடை போட்டு, மறுபடி உலர்த்தி, மறுபடி எடை போட்டு, இரண்டும் ஒன்றாக வரும் வரை விடாதீர்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எடை 1.14-க்கு அருகில், வழக்கமாக அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். 1.71-க்குப் பக்கத்தில் போகவே போகாது. ஆகவே இரும்பு ஃபெரஸாகத்தான் இறங்குகிறது. கரைசலில் செம்பு மிஞ்சி நின்றும் ஏன் ஃபெரிக் ஆகவில்லை?

இதற்கு விடை எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களின் லேப்பில் இருக்கிறது. சர்க்யூட் போர்டு எட்ச்சிங் செய்ய ஃபெரிக் குளோரைடு கரைசலில் போர்டை முக்குவார்கள். பெயிண்ட் அடிக்காத இடத்தில் உள்ள செம்பு கரைந்து போகும். அங்கே நடப்பது ஃபெரிக் செம்பைத் தின்று ஃபெரஸாக இறங்குவது. நம் பீக்கரில் ஒரு வேளை ஃபெரிக் உண்டாகியிருந்தாலும், பக்கத்தில் புதிதாகப் படிந்திருக்கும் செம்பையோ மிஞ்சிய இரும்பையோ பிடித்து மறுபடி ஃபெரஸாகிவிடும். மின்முனை அழுத்தம் படித்தவர்களுக்கு எண்களில் சொன்னால்: ஃபெரஸ்–இரும்பு −0.44 வோல்ட், செம்பு +0.34 வோல்ட், ஃபெரிக்–ஃபெரஸ் +0.77 வோல்ட். செம்பு அயனிக்கு இரும்பிடமிருந்து இரண்டு எலக்ட்ரானைப் பிடுங்கும் பலம் உண்டு, மூன்றாவதைப் பிடுங்கும் பலம் இல்லை. ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இரும்பு செம்பைத் தள்ளுகிறது, மேல்தளத்தில் இரும்பு உப்பு செம்பைக் கரைக்கிறது. இரண்டும் முரண் இல்லை, ஒரே வரிசையின் இரண்டு படிகள்.

விகிதத்தை நன்றாக, சந்தேகமில்லாமல் பார்க்க ஆசைப்பட்டால் எடை வித்தியாசம் பெரிதாக உள்ள ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்புக் கம்பியைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் தொங்கவிடுங்கள். ஒரு செம்புக்கு இரண்டு வெள்ளி. ஒரு கிராம் செம்பு கரைந்தால் 3.39 கிராம் வெள்ளி விழும். இங்கே 1-க்கும் 2-க்கும் குழப்பமே வராது. அதோடு கம்பியை முன்னும் பின்னும் தனியாக எடை போடலாம், உதிர்ந்த வெள்ளியைத் தனியாக எடை போடலாம். கரைந்தது ஒரு எடை, விழுந்தது ஒரு எடை. இரும்புத் தூளில் இந்த வசதி இல்லாததுதான் எல்லா வம்புக்கும் காரணம். சில்வர் நைட்ரேட் விலையைக் கேட்டால் ஸ்டோர்ஸ் கீப்பர் முகம் மாறும் என்பது வேறு விஷயம். 0.10 கிராம் கம்பி கரையும் அளவுக்குச் செய்தால் 0.6 கிராம் நைட்ரேட்டில் முடித்துவிடலாம். ஆனால் நாலு தசமம் காட்டும் தராசு வேண்டும்.

பரீட்சைக்கு வெளியே இதனால் என்ன பிரயோஜனம் என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். தோட்டப் பயிர்களுக்குப் பூசண நோய் வராமல் தெளிக்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சுண்ணாம்பு போதாவிட்டால் மிஞ்சிய செம்பு இலையைக் கருக்கிவிடும். கலவை பக்குவமா என்று பார்க்க, விவசாயி அரிவாள் நுனியை அதில் கொஞ்ச நேரம் நனைத்து எடுப்பார். நுனியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நம்ம இடப்பெயர்ச்சி வினைதான், தராசு இல்லாமல். இந்தக் கலவையை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது, சீனாவில் சோங் அரசர்கள் காலத்துச் செம்புத் தொழில். மயில்துத்தம் இயற்கையாகக் கலந்த ஊற்று நீரில் இரும்புத் தகடுகளை ஊறவைத்துச் செம்பு எடுத்தார்கள். சுமார் 11-ஆம் நூற்றாண்டில் இது அரசாங்கத் தொழிலாகவே நடந்தது. ஒரு பங்கு செம்புக்கு ஏறக்குறைய இரண்டேகால் பங்கு இரும்பு செலவானதாகச் சோங் அரச வரலாற்றில் குறிப்பு உண்டு. நம் சமன்பாட்டின்படி 0.88 பங்கு போதும். மீதி எங்கே போயிற்று? நம் பீக்கரில் பார்த்த திருடர்களே அங்கும் இருந்திருப்பார்கள்: அமில நீரில் ஹைட்ரஜனாகப் போனது, ஃபெரிக் உப்பை ஃபெரஸாக்கச் செலவானது, காற்றுப் பட்டுத் துருவானது, செம்பு மூடி உள்ளே மாட்டிக்கொண்டது. பழைய இரும்பைப் போட்டுச் செம்பு எடுக்கிற எந்த வேலையிலும் மோல் கணக்கு சொல்வது குறைந்தபட்சம் எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதைத்தான். கொள்முதல் ஆர்டரை அதை மட்டும் வைத்துப் போட்டால் பாதி வழியில் இரும்பு தீர்ந்துவிடும்.

பரிசோதனை முடிந்ததும் மிஞ்சிய நீல நீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். செம்பு மீனுக்கும் நீர்ப் பாசிக்கும் விஷம். நாம் எடுத்த 8 கிராமில் ஏறக்குறைய மூன்றரை கிராம் மயில்துத்தம் இன்னும் பீக்கரில் இருக்கிறது. எல்லாப் பேட்ச்சின் நீரையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு மூடாமல் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் உதவாது, துருப்பிடிக்கிற சாதா இரும்பு நார்தான் வேண்டும். நீலம் போய் நீர் இளம்பச்சையாகும், அடியில் செம்பு தங்கும். ஒருவர் பேட்ச்சுக்கு 0.8 கிராம் இரும்பு என்பது கணக்கு. எத்தனை பங்கு கூடுதலாகப் போட வேண்டும் என்பதை மேலே சொன்னதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.